துவக்கின் பளபளப்பும் தொழிற்சாலையின் நாணயமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் நம் பெரியவர்கள். பண்டங்களை வாங்கும்போதும் நாம் பெரும்பாலும் இந்த வாக்கைத்தான் பின்பற்றுகிறோம். மெருகும் மினுக்கமும் உள்ளது தரமானது, சொரசொரப்பாக இருப்பது தரங்குறைந்தது என்பது நம் கண் வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சோதித்துப் பார்க்க, வரலாற்றில் துவக்கைவிடப் பொருத்தமான பண்டம் வேறில்லை. கதவுப் பூட்டு ஒன்று தரங்குறைந்திருந்தால் பூட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். துவக்குத் தரங்குறைந்திருந்தால் அதைப் பிடித்திருப்பவன் சாகிறான்.

இன்னொரு காரணமும் உண்டு. தையல் இயந்திரம், துவிச்சக்கரவண்டி, மோட்டார் வாகனம் என்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்களை இலட்சக்கணக்கில் ஒரே அச்சாகச் செய்யும் முறை, முதலில் வளர்ந்தது ஆயுதச் சாலைகளிலேயே. 'தரக்கட்டுப்பாடு' என்று இன்று எல்லாத் துறைகளிலும் பேசப்படும் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் துவக்குப் பட்டறை ஒன்றின் வாசலில்தான் போய் நிற்போம்.

ஒன்றைப்போல் ஒன்றில்லாத காலம்

வன்னியின் காட்டோரக் கிராமங்களில் 'இடியன்' எனப்படும் நாட்டுத் துவக்கைக் கண்டவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. கம்மாலையில் ஒவ்வொன்றாகச் செய்யப்படுவது அது. ஒன்றின் விசை உடைந்தால் மற்றதில் கழற்றியதைக் கொண்டுவந்து மாட்ட இயலாது. செய்தவரிடமோ அவரை ஒத்த இன்னொருவரிடமோ கொண்டுபோய், அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பேரரசுகளின் படைகள் ஏந்திய துவக்குகளும் இவ்விடயத்தில் இடியனுக்குச் சகோதரங்களே. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கழற்றிக் கலந்தால் மீண்டும் சேராது. அக்காலத்தில் தரத்துக்கு இருந்த ஒரே பொதுச் சான்று, வெடிச்சோதனை முத்திரை. இலண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் சோதனை நிலையம் 1813இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. வழக்கத்துக்கு மேற்பட்ட வெடிமருந்தை இட்டு வெடிக்கச் செய்து, தாங்கிய குழலுக்கு முத்திரை குத்துவார்கள். குழல் வெடிக்காது என்பதற்கு அது உத்தரவாதம். ஏனைய உறுப்புகளைப் பற்றி அம்முத்திரை எதுவும் சொல்வதில்லை.

இதை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஒனொரே பிளாங் என்ற பிரெஞ்சுக்காரர். 1785ஆம் ஆண்டு, பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் இவருடைய பட்டறைக்குச் சென்றார். 50 துவக்குகளின் சுடுபொறிகள் உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டு, தனித்தனி அறைகளில் இடப்பட்டிருந்தன. ஜெபர்சன் கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்திப் பார்த்தார், பொருந்தின. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அவர் தமது அரசுக்கு எழுதிய கடிதத்தில் இதை வியந்து குறிப்பிட்டார். படைக்கலம் பழுதுபட்டால் களத்திலேயே உறுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அவர் கண்ட பெரும் பயன்.

பிளாங்கின் முயற்சி பிரான்சில் நிலைக்கவில்லை. கைவினைஞர்கள் விரும்பவில்லை, புரட்சியும் குறுக்கிட்டது. கருத்து மட்டும் கடல் கடந்தது.

ஒரு கண்கட்டு

அமெரிக்கப் பாடநூல்கள் நெடுங்காலமாகப் புகழ்ந்த பெயர் ஈலி விட்னி. பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்தால் பெயர்பெற்ற இவர், 1798இல் 10,000 துவக்குகளை இரண்டு ஆண்டுகளில் செய்து தருவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்தார். தவணை கடந்தது. 1801 ஜனவரியில் வாஷிங்டனில், ஜனாதிபதி ஜோன் அடம்சும் ஜெபர்சனும் பார்த்திருக்க, சுடுபொறிகளைக் கண்டபடி எடுத்துத் துவக்குகளில் மாட்டிக் காட்டினார். சபை மெய்மறந்தது, மேலும் அவகாசம் கிடைத்தது. கடைசித் துவக்கு ஒப்படைக்கப்பட்டது 1809இல்.

1960இல் ரொபர்ட் வூட்பரி என்ற வரலாற்றாசிரியர் இக்கதையைக் கேள்விக்குள்ளாக்கினார். எஞ்சியுள்ள விட்னித் துவக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது உறுப்புகள் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. இன்ன உறுப்பு இன்ன துவக்குக்குரியது என்று காட்டும் அடையாளக் கீறல்களும் சிலவற்றில் இருந்தன. எந்தத் துவக்குக்கும் பொருந்தும் உறுப்பென்றால் அடையாளம் எதற்கு? ஆக, அன்று ஜனாதிபதியின் முன் காட்டப்பட்டவை முன்கூட்டியே தயார்செய்யப்பட்ட மாதிரிகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு.

காட்சிக்கு வைக்கும் மாதிரி வேறு, களஞ்சியத்துக்குப் போகும் சரக்கு வேறு. இந்த இடைவெளியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் இதே இடைவெளி பல உயிர்களைப் பலிகொண்டது.

மானிகளும் மணிக்கூடும்

விட்னி காட்டியதாகச் சொல்லப்பட்டதை உண்மையிற் செய்து முடித்தவர், அதிகம் பேசப்படாத ஜோன் ஹோல். வேர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் பெரி அரச ஆயுதச் சாலையில், 1819 ஒப்பந்தத்தின்படி, தாம் வடிவமைத்த பின்புறம் நிரப்பும் ரைபிளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய மூலதனம் அளவுமானிகள். ஒரு ரைபிளைச் சரிபார்க்க அறுபதுக்கும் மேற்பட்ட மானிகளை அவர் பயன்படுத்தினார். உறுப்பு மானியினுள் சரியாக அமர வேண்டும், அமராவிட்டால் கழிவு. 'ஏறத்தாழச் சரி' என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை.

ஹோல் கண்டறிந்த நுட்பம் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஓர் உறுப்பில் முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்தால், ஒவ்வோர் அளவிலும் ஏற்படும் மயிரிழைப் பிழை அடுத்ததோடு சேர்ந்து பெருகும். ஆதலால் எல்லா அளவுகளையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும் என்றார் அவர். இன்று பொறியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் பாடம் இது, அன்று புதிது. 1830களின் நடுப்பகுதியில், கனெக்டிகட் மாநிலத்தில் சிமியோன் நோர்த் செய்த ரைபிளின் உறுப்புகளும் ஹார்ப்பர்ஸ் பெரியில் செய்யப்பட்டவையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இடையே பல நூறு கிலோமீற்றர் தூரம்.

இவ்வாறு செய்த துவக்கு மலிவாக அமைந்ததா? இல்லை. மானிகளுக்கும் இயந்திரங்களுக்கும் ஆன செலவால் ஆரம்பத்தில் விலை கூடவே இருந்தது. இலாபம் பார்க்கும் முதலாளி இதில் இறங்கியிருக்கமாட்டார். அரசு நட்டத்தைத் தாங்கியபடியால் முறை பிழைத்தது.

தொழிலாளர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு முழுத் துவக்கையும் செய்யத் தெரிந்த கைவினைஞன், நாள் முழுவதும் ஒரே திருகாணியைச் செய்பவனாக்கப்பட்டான். அவனுடைய கண்ணுக்கும் கைக்கும் இருந்த மதிப்பு மானிக்குப் போயிற்று. ஹார்ப்பர்ஸ் பெரியில் 1829இல் பொறுப்பேற்ற தோமஸ் டன் என்ற அத்தியட்சகர் கண்டிப்பானவர். 1830 ஜனவரியில் எபனேசர் கொக்ஸ் என்ற தொழிலாளி அவரை அலுவலகத்திலேயே சுட்டுக்கொன்றான். கொக்ஸ் தூக்கிலிடப்பட்டான், ஆனால் சக தொழிலாளரிடையே அவனுடைய பெயர் நெடுநாள் நின்றது. 1842இல் ஆலையில் மணிக்கூடு வைத்து வேலைநேரம் கணக்கிடப்பட்டபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கால்வாய்ப் படகேறி வாஷிங்டன் சென்று ஜனாதிபதி ஜோன் டைலரிடம் முறையிட்டனர். மணிக்கூடு அகற்றப்படவில்லை. தரம் என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படியொரு மனிதக் கதையும் உண்டு. புள்ளிவிபரங்களில் அது தெரிவதில்லை.

1851இல் இலண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் அமெரிக்கக் கம்பனி ஒன்று தன் ரைபிள்களைக் காட்சிக்கு வைத்தது. ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பொருந்தியது. பிரித்தானியர் விழித்தனர். 1854இல் அவர்களுடைய குழுவொன்று அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதச் சாலைக்குச் சென்றது. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துவக்குகளைத் தாமே தெரிந்தெடுத்துக் கழற்றிக் கலக்கச் செய்தனர். ஒரு தொழிலாளி வெறும் திருப்புளியை மட்டும் கொண்டு பத்தையும் மீளப் பூட்டினார். அரம் எடுக்கப்படவில்லை. விட்னியின் காட்சியோடு இதை ஒப்பிட வேண்டும். இங்கே மாதிரியைத் தெரிவுசெய்தவர் விற்பவர் அல்லர், வாங்க வந்தவர். சோதனை என்பதன் இலக்கணமே அதுதான். அக்குழு வாங்கிச் சென்ற இயந்திரங்களால் என்பீல்ட் அரச ஆலை புதுப்பிக்கப்பட்டது.

கண்ணை நம்பியதன் விலை

அளவைக் கட்டுப்படுத்தியாயிற்று. உலோகத்தின் உள்ளியல்பு? அதை மானி காட்டாது.

1903இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்பீல்ட் ரைபிள் அழகிலும் வேலைப்பாட்டிலும் குறைசொல்ல முடியாதது. ஆனால் 1917இல், நாடு முதலாம் உலகப்போரில் இறங்கிய வேளையில், சில ரைபிள்களின் நடுவுடல் சுடும்போது கண்ணாடிபோல் சிதறியது. விசாரணை நடந்தது. உருக்கைப் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்தும் கட்டத்தில், வெப்பம் போதுமா என்பதை அனுபவம் மிக்க தொழிலாளர் அதன் செந்நிறத்தைக் கண்ணால் பார்த்தே தீர்மானித்து வந்தனர். வெப்பமானி கொண்டு அளந்தபோது உண்மை வெளிப்பட்டது. மந்தாரமான நாளில் 'சரியான நிறம்' என்று அவர்கள் கண்ட வெப்பத்துக்கும், வெயில் எறிக்கும் நாளில் அதே நிறமென்று கண்ட வெப்பத்துக்கும் இடையே 300 பரனைற் பாகை வரையில் வேறுபாடு இருந்தது. வெளிச்சம் மிகுந்த இடத்தில் பழுத்த இரும்பு மங்கலாகத் தெரியும். இன்னும் காய வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். உருக்கு கருகி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

கொல்லர்களின் நேர்மையில் குறையில்லை. அவர்களுடைய கண் பொய்யும் சொல்லவில்லை. வானம் மாறியது, அவ்வளவே. 1918இலிருந்து ஸ்பிரிங்பீல்டில் 800,000ஆம் இலக்கத்துக்கு மேற்பட்ட ரைபிள்களுக்குப் புதிய பதப்படுத்தும் முறை பயன்பட்டது. ரொக் ஐலன்ட் ஆலையில் அந்த எல்லை 285,507. அதற்கு முந்திய பத்து இலட்சம் அளவிலான ரைபிள்களில் எது நல்லது, எது கெட்டது என்பதைப் பார்வையால் அறிய வழியில்லை. எல்லாம் ஒரே பளபளப்பு. 1927இல் இப்பிரச்சினை மீண்டும் ஆராயப்பட்டபோதும், எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. திருத்த வேலைக்கு வரும்போது ஒதுக்கலாம், மிகுதி சேமிப்பில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வெடித்தவற்றின் தொகை மொத்தத்தில் மிகச் சிறிது என்பது அவர்களுடைய நியாயம். அந்தச் சிறு தொகையில் ஒருவராக இருப்பவருக்கு அந்நியாயம் எப்படி ஒலித்திருக்கும் என்பது வேறு விடயம்.

மிகையான துல்லியமும் ஆபத்தாகலாம். கனடா தன் படைக்குத் தெரிந்த ரொஸ் ரைபிள் குறிதவறாதது. போட்டிகளில் பரிசு வென்றது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர களத்தில், அளவு சற்றுத் தளர்வான பிரித்தானிய ரவைகளையும் சேற்றையும் எதிர்கொண்டபோது அதன் இயங்குபொறி இறுகிக்கொண்டது. காலால் மிதித்துத் திறக்க முயன்றார்கள். அச்சமரில் தப்பிய சுமார் 5,000 கனடிய வீரர்களில் 1,452 பேர் தம் ரைபிளை எறிந்துவிட்டு, இறந்த பிரித்தானிய வீரரின் லீ-என்பீல்ட் ரைபிளை எடுத்திருந்தனர். ஒட்டாவாவில் அமைச்சர் சாம் ஹியூஸ் இறுதிவரை ரொஸ் ரைபிளுக்காக வாதாடினார். 1916இல் அது முன்னணிப் படையிலிருந்து விலக்கப்பட்டது. குறிசுடுநர் மட்டும் விரும்பி வைத்திருந்தனர். தொலைவில் பொறுமையாகக் காத்திருந்து சுடுபவருக்கு நல்லது, சேற்றில் கிடப்பவருக்கு எமனாயிற்று. தரம் என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. பயன்படும் இடத்தோடு சேர்த்தே அதை மதிக்க வேண்டும்.

சிங்கர் முதல் விளையாட்டுச் சாமான் வரை

இரண்டாம் உலகப்போரில் துவக்குச் செய்வது துவக்குக் கம்பனிகளின் வேலையாக மட்டும் இருக்கவில்லை. நம் வீடுகளில் தையல் இயந்திரத்தால் அறியப்பட்ட சிங்கர், பரீட்சார்த்தமாக 500 கைத்துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. இன்று பழம்பொருள் சேகரிப்போர் அவற்றுக்குப் பெருந்தொகை கொடுக்கின்றனர். எம்1 கார்பைன் என்ற சிறு ரைபிளை அண்டர்வூட் தட்டச்சுக் கம்பனியும், ஐ.பி.எம். நிறுவனமும், பாட்டுப் பெட்டி செய்த ரொக்-ஓலாவும் செய்தன. மொத்தம் 60 இலட்சத்துக்கு மேல். இர்வின்-பெடர்சன் என்ற ஒப்பந்தக்காரர் செய்த சில ஆயிரம் கார்பைன்களில் ஒன்றைக்கூட இராணுவப் பரிசோதகர்கள் ஏற்கவில்லை. போர் உச்சத்தில், துவக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. எனினும் ஒப்பந்தம் 1943இல் பறிக்கப்பட்டு ஆலை இன்னொரு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. எமது பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்குநருக்கு உள்ள இடமே தொழிற்சாலையில் பரிசோதகருக்கும். பிழை தப்பிவிட்டால் மட்டுமே அவருடைய நினைவு எல்லோருக்கும் வரும்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க முடியுமா? ரைபிளைச் சுட்டுப் பார்க்கலாம். ரவையைச் சுட்டுப் பார்த்தால் ரவை இல்லாமற் போய்விடும். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது இங்கேதான் உதவுகிறது. ஆனால் பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் ஒரு சோறு போதும். எத்தனை சோறு பார்த்தால் எவ்வளவு நிச்சயம் என்பதைக் கணிதமாக்கிய துறையே புள்ளிவிபரத் தரக்கட்டுப்பாடு. பெல் தொலைபேசி ஆய்வுகூடங்களைச் சேர்ந்த வோல்டர் ஷூஹார்ட் 1924இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடமும், அவருடைய சகாக்கள் வகுத்த மாதிரிப் பரிசோதனை அட்டவணைகளும் போர்க்காலத்தில் அமெரிக்க ஆயுத உற்பத்தியிற் புகுந்தன. 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் இவ்வறிவை ஜப்பானியத் தொழிலதிபருக்குப் போதித்தார். ஜப்பானிய வானொலிப் பெட்டியும் மோட்டார் வாகனமும் பெற்ற நற்பெயருக்கு இதுவும் ஒரு வேர்.

பிரித்தானியாவின் கதை வேறு. 1940இல் டன்கேர்க்கில் ஆயுதங்களைக் கைவிட்டுத் திரும்பிய படைக்கு அவசரமாகத் துவக்கு வேண்டும். 1941இல் பிறந்தது ஸ்டென். குழாயும் தகடும் ஒட்டிணைப்பும். மெருகு என்பதே இல்லை. அதன் மூன்றாவது வடிவத்தைச் செய்தது விளையாட்டுச் சாமான் செய்யும் லைன்ஸ் சகோதரர் கம்பனி. எல்லா வடிவங்களுமாகச் சுமார் 40 இலட்சம் செய்யப்பட்டன. வீரர்கள் அதை மலிவுக்கடைத் துவக்கு என்று நையாண்டி செய்தனர். உண்மையான குறை அதன் அவலட்சணத்தில் இல்லை, ரவைக்கூட்டில் இருந்தது. இரு வரிசையாக வரும் ரவைகள் வாயில் ஒரு வரிசையாகக் குறுகும்; மெல்லிய தகட்டு விளிம்பு சற்று வளைந்தாலும் சிக்கிக்கொள்ளும். 32 கொள்ளும் கூட்டில் இரண்டு மூன்றைக் குறைத்தே இடுவது வீரர் வழக்கமாயிற்று. 1942 மே 27இல் பிராக் நகரில் நாஜித் தளபதி ஹைட்ரிக் மீது நடந்த தாக்குதலில், யோசப் கப்சிக் என்ற செக்கோஸ்லோவாக்கிய வீரரின் ஸ்டென் சரியான கணத்தில் இயங்கவில்லை. தோழர் யான் குபிஷ் எறிந்த குண்டே ஹைட்ரிக்கின் மரணத்துக்குக் காரணமாயிற்று.

தோல்வி நெருங்க நெருங்க ஜேர்மனியின் மௌசர் ரைபிள்களில் மெருகு மறைந்தது. அரைத்த தடங்கள் அப்படியே விடப்பட்டன. பரிசோதனை முத்திரைகளும் குறைந்தன. அவற்றில் ஒரு பகுதியைச் செய்தவர்கள் அடிமை உழைப்பாளிகள். புக்கன்வால்ட் வதைமுகாமை அடுத்திருந்த குஸ்ட்லோப் ஆலையில் கைதிகள் வேலைவாங்கப்பட்டனர். வேண்டுமென்றே மெதுவாகவும் பிழையாகவும் வேலைசெய்வது அவர்களிடமிருந்த ஒரே ஆயுதம். கண்டுபிடிக்கப்பட்டால் மரணம். தரங்குறைந்த உறுப்பு ஒரு மனிதனின் தன்மானச் செயலாகவும் இருக்கக்கூடும் என்பதை எந்தத் தர நியமமும் எதிர்பார்த்திராது.

ஜப்பானின் கடைசிக்கால அரிசாகா ரைபிள் பார்வைக்கு அதிலும் மோசம். குறிபார்க்கும் அமைப்பு அசையாதது, பிடியின் அடித்தகடு மரத்தால் ஆனது, உலோகமெங்கும் சொரசொரப்பு. ஆனால் போருக்குப்பின் சோதித்தபோது, வெடியழுத்தத்தைத் தாங்கும் நடுவுடலும் பூட்டும் பலவற்றில் உறுதியாகவே இருந்தன. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஆலையில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. மெருகைக் கைவிட்டார்கள்; பதத்தைக் கைவிடவில்லை. 1917இன் ஸ்பிரிங்பீல்ட் இதற்கு நேர்மாறு.

ஒரு கடிதம்

சோவியத் ஒன்றியம் 1949இல் ஏற்றுக்கொண்ட கலாஷ்னிக்கோவ் ரைபிளின் முதல் வடிவம் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்யப்பட்டது. ஆலையில் பெருந்தொகை உறுப்புகள் கழிவாயின. வெட்கப்படாமல் ஓரடி பின்வாங்கினார்கள். 1951 முதல் பாரமான உருக்குக் கட்டியைக் கடைந்து செய்தனர். தகட்டு வேலையில் தேர்ச்சி வந்தபின் 1959இல் ஒரு மில்லிமீற்றர் தகட்டுக்குத் திரும்பினர். வெளிப்புறம் முரடு, குழலின் உட்புறமோ குரோம் பூசப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவழித்தார்கள்.

அமெரிக்காவின் எம்-16 மறுபுறம். இலேசானது, நவீனமானது, அழகானது. 1965இலிருந்து வியட்நாமுக்கு அனுப்பப்பட்ட அந்த ரைபிள்களின் ரவையறைக்குக் குரோம் பூச்சில்லை. ஈரக்காட்டில் உட்புறம் அரித்தது. சுட்ட கோது வெளியே வராமல் ஒட்டிக்கொண்டது. அதிகம் துப்புரவு தேவையில்லாத துவக்கு என்ற பேச்சு பரவியிருந்தபடியால் துப்புரவுக் கருவிகளும் போதியளவு போகவில்லை. இவற்றோடு இராணுவம் ரவையின் வெடிமருந்தை மாற்றியது. புதிய மருந்தில் கரி கூடுதல். சுடும் வேகமும் நிர்ணயித்த எல்லையைத் தாண்டியது.

இங்கேதான் விட்னியின் நிழல் விழுகிறது. புதிய மருந்தோடு பரிசோதித்தால் ரைபிள்களிற் பெரும்பங்கு ஏற்புச் சோதனையில் தேறாது என்று ஆலை முறையிட்டபோது, சோதனைக்குப் பழைய மருந்தையே பயன்படுத்த அனுமதி வழங்கப்பட்டது. ஆலையில் பழைய மருந்து; களத்தில் புதிய மருந்து. ஆவணங்களில் எல்லா ரைபிளும் தேறியது. முத்திரை பொய்யன்று, ஆனால் அது சான்றளித்தது வேறொரு பொருளுக்கு.

1967 மே மாதத்தில், நியூ ஜேர்சியைச் சேர்ந்த உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவார்ட் பிரதிநிதிகள் சபையில் ஒரு கடிதத்தை வாசித்தார். கே சான் பகுதிக் குன்றுகளில் போரிட்ட மரைன் வீரர் ஒருவர் வீட்டுக்கு எழுதியது, பத்திரிகையிலும் வெளிவந்தது. தம்மவரில் பலரைக் கொன்றது தம் சொந்த ரைபிளே என்றும், இறந்தவர்கள் பலர் அதைக் கழற்றித் திருத்த முயன்ற நிலையிலேயே கிடந்தார்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். அதுவரை அதிகாரிகள் தந்த விளக்கம், வீரர்கள் துவக்கைத் துப்புரவு செய்வதில்லை என்பது. ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு விசாரித்து, அவ்வாண்டு ஒக்டோபரில், ரவைக் குறைகளைத் திருத்தத் தவறியமை குற்றவியல் கவலையீனத்தின் விளிம்பைத் தொடுகிறது என்று அறிக்கையிட்டது. பின்னர் ரவையறைக்குக் குரோம் பூசப்பட்டது. துப்புரவுக் கருவியும் பயிற்சியும் போயின. அதே எம்-16 பின்வந்த ஆண்டுகளில் நம்பகமான ஆயுதமாயிற்று. திருத்தம் அவ்வளவு கடினமானதாக இருக்கவில்லை. கேட்பதுதான் கடினமாக இருந்தது.

பத்திரிகைத் துறையில் நெடுங்காலம் கழித்தவன் என்ற வகையில் இக்கடிதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மானி, வெப்பமானி, மாதிரி அட்டவணை, முத்திரை எல்லாம் இருந்தும், குறையை வெளிக்கொண்டுவந்தது களத்திலிருந்தவனின் கையெழுத்து. பயன்படுத்துபவனின் முறைப்பாட்டைப் பரிசோதனை அறிக்கையாக ஏற்காத எந்தத் தரக்கட்டுப்பாடும் அரைகுறையானது. துவக்குக்கு மட்டுமன்றி மருந்துக்கும் பாலத்துக்கும் இது பொருந்தும்.

இக்கட்டுரையை வாசிப்போரில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். கொல்வதற்கென்றே செய்யப்படும் பொருளின் தரத்தில் இத்தனை அக்கறை எதற்கு? கேள்வி நியாயமானதே. நம் நாட்டில் அது இன்னும் கூர்மையாக ஒலிக்கும். கலாஷ்னிக்கோவின் சீனப் பிரதியான ரி-56 எந்த ரகம் என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்திருந்த பெயர் அது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் அதன்பின்னும் கொள்ளை, பாதாள உலகக் கொலை என்று செய்தி வரும்போதெல்லாம் அதே பெயர் அச்சேறுகிறது. குழலுக்குள் பூசிய குரோம் துருவை நெடுங்காலம் அண்டவிடாது. நன்றாகச் செய்த துவக்குக்குத் தன்னைச் செய்வித்த போர் முடிந்துவிட்டதென்று தெரியாது. எடுத்தவன் கையில் அது அன்றுபோலவே இயங்கும். இரும்பைச் செய்வதற்குரிய தர நியமங்களை இரண்டு நூற்றாண்டுகளாக வகுத்தோம். செய்த இரும்பை, தேவை தீர்ந்தபின் எண்ணி வாங்கி அழிப்பதற்கும் அதே கண்டிப்போடு ஒரு மானி வேண்டும்.